மரப் புதிரா? ஃபோம் புதிரா?



பக்கத்து தொடக்கப் பள்ளித் தம்பி தங்கைகளுக்கு நம்ம கணித மன்றம் சார்பா ஒரு கனப் புதிர் செய்து கொடுக்கப் போறோம். கனப் புதிர் என்றால் தாளில் போடும் புதிர் இல்லை. துண்டுகளைக் கையில் எடுத்துச் சேர்த்து ஓர் உருவம் ஆக்க வேண்டும். நம்மகிட்ட இருக்கிற காசுக்கு ஒரு செட்தான் செய்ய முடியும். மரத்திலா, ஃபோமிலா என்று மன்றத்தில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. அதனால் நான் விசாரித்துப் பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில் புதிர் எது என்று சொல்லிவிடுகிறேன். பெயர் சோமா கனம். டென்மார்க் நாட்டு பியட் ஹைன் 1930களில் கண்டுபிடித்தது. மூன்று கட்டங்கள் ஒட்டிய துண்டு ஒன்று, நான்கு கட்டங்கள் ஒட்டிய துண்டு ஆறு. மொத்தம் 3 + 24 = 27 கட்டங்கள். சேர்த்தால் 3×3×3 கனம் வரும். திருப்பிப் பார்ப்பதையும் கண்ணாடிப் பிம்பத்தையும் கழித்துவிட்டாலும் 240 வழிகள் இருக்கு! ஏழில் மூன்று துண்டுகள் மேசை மேல் தட்டையாப் படுக்காது. அந்த மூன்றில் இரண்டு, இடது கால் செருப்பும் வலது கால் செருப்பும் மாதிரி. பார்த்தால் ஒன்றுபோல இருக்கும், ஆனா ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது.

இங்கேதான் மரமும் ஃபோமும் பிரிகின்றன. ஃபோம் அமுங்கும். தப்பான துண்டையும் அழுத்தினா உள்ளே போயிடும். குழந்தை “வந்துடுச்சு!” என்று கை தட்டும், உண்மையில் வந்திருக்காது. மரம் அப்படி ஏமாற விடாது. ஆனா மரத்தில் செய்கிறவங்களுக்குத்தான் கஷ்டம். ஒவ்வொரு கட்டமும் அரை மில்லிமீட்டர் கூடினால் மூன்று கட்டத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர். அவ்வளவுதான், புதிர் மூடாது.

மழைக்காலம் இன்னொரு வில்லன். மரம் என்பது வைக்கோல் கட்டு மாதிரி. ஈரம் ஏறினால் கட்டு பருக்கும், நீளம் அவ்வளவாகக் கூடாது. ரீப்பர் கட்டையை வரிசையா அறுத்துக் கட்டம் செய்தால், ஒவ்வொரு கட்டமும் இரண்டு பக்கம் வீங்கும், ஒரு பக்கம் வீங்காது. ஐப்பசியில் நம்ம கனம் கனமாகவே இருக்காது! 7.5 செ.மீ. பக்கத்தில் நூற்றுக்கு ஒன்று வீங்கினாலும் 0.75 மி.மீ. அதனால் நல்லாக் காய்ந்த கட்டையா இருக்கணும், வைக்கும் பெட்டியை 2 மி.மீ. தாராளமா அடிக்கணும். தைலமரம் நம்ம மாவட்டத்தில் நிறைய இருக்கு, ஆனா முறுக்கிக்கும், வெடிக்கும். வேம்பு தேவலை, பூச்சியும் சுலபமா அரிக்காது. ஆசாரி மாமாவிடம் கேட்டபோது அவரும் இதையே சொன்னார்.

எடையையும் கணக்குப் போட்டேன் (ஒன்பதாம் வகுப்புப் பாடம்தான்!). 7.5 × 7.5 × 7.5 = ஏறக்குறைய 422 க.செ.மீ. வேம்பின் அடர்த்தி சுமார் 0.7 என்றால் கிட்டத்தட்ட 295 கிராம். அதே அளவு தெர்மாகோல் பத்து கிராம்கூட வராது. ஒண்ணாப்புப் பிள்ளைகள் கோபம் வந்தா தூக்கி எறியும், அப்போ தெர்மாகோல்தான் நல்லது! ஆனா அது உதிரும், உதிர்ந்த உருண்டை வாய்க்குள்ளும் மூக்குக்குள்ளும் போகும். பழைய ஹவாய் செருப்பை வெட்டிச் செய்யலாம் என்று ஒரு யோசனை வந்தது. வண்டிச் சக்கரத்துக்கு அது சரி. வாயில் வைக்கிற பொருளுக்கு எனக்கு மனசு வரல. கடையில் வாங்கினா ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்க, 1.1.2021 முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம். நுரைப் பொம்மைகளில் ஃபார்மமைடு என்ற வேதிப்பொருள் இருக்கலாம் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2015-ல் அதற்கு வரம்பு வைத்தது.

ஃபோம் கட்சிக்காரங்க கோவிக்க வேண்டாம். கட்டட மாதிரிக்கு ஃபோம்தான் கில்லாடி. கனடாவில் மாண்ட்ரியால் நகரத்து ரெபிட் நிறுவனம் 1991-ல் தொடங்கி, ஃபோம் ஒட்டிய அட்டைத் துண்டுகளாலேயே மாளிகைகளைப் புதிராக்கி விற்றது. நம்ம அறிவர் கோயிலையும் அப்படிச் செய்யலாம் என்று பலர் சொல்றாங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க, குகை சேர்த்துக் கட்டினது இல்லையே! ஒரே பாறையில் குடைந்து எடுத்தது. முன்னால் இருக்கிற தூண் தாழ்வாரம் மட்டும்தான், பிற்காலத்தில் குடுமியான்மலையிலிருந்து தூண்கள் கொண்டுவந்து சேர்த்தது. ஆகவே பாறையை முழுத் தெர்மாகோலில் குடைந்து, தாழ்வாரத்தை மட்டும் கழற்றி மாட்டுற மாதிரி வைக்கலாம். ஒட்ட ஃபெவிகால் போதும். ஸ்பிரே பெயிண்ட் அடிக்காதீங்க, தெர்மாகோலைக் கரைச்சிடும்.

தொடக்கப் பள்ளிக்கு மரம்தான் என்பது என் முடிவு. அங்கே இரண்டாம் வகுப்பில் ஒரு தம்பிக்குக் கண் சரியாத் தெரியாது. தடவித்தான் கண்டுபிடிப்பான். அந்த இடது, வலது துண்டுகளை அவன் விரலால் பிரிக்கணும்னா விளிம்பு கூர்மையா, வளையாம இருக்கணும். ஃபோமில் நாலு நாளில் மூலை மழுங்கிடும், அப்புறம் எல்லாத் துண்டும் அவனுக்கு ஒன்றுதான். சிராய் குத்தாம உப்புத்தாள் போடணும், ஆனா மூலையை உருட்டக் கூடாது, லேசா இரண்டு இழுப்பு போதும். பெயிண்ட் வேண்டாம், தேன்மெழுகு தேய்ப்போம்.

27 கட்டத்துக்கு 67.5 செ.மீ. கட்டை, அறுக்கும்போது போகிற தூளுக்கு ஓர் ஆறு செ.மீ. ஒரு இன்ச் ரீப்பர் மூன்று அடி வாங்கினா மிச்சமே இருக்கும். வெள்ளிக்கிழமை மதியம் அறுக்கிறோம், ரம்பம் ஆசாரி மாமா தருவார்.

உங்களுக்கு ஒரு கேள்வி: ஏழு துண்டில் ஏதாவது இரண்டை மட்டும் எடுத்து 2×2×2 கனம் செய்ய முடியுமா? முடியும் என்றால் எவை, முடியாது என்றால் ஏன்? காரணத்தோடு எழுதி மன்றப் பெட்டியில் போடுங்க. விடை அடுத்த இதழில்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, கணித மன்றம்