வியாழக்கிழமை வந்து அள்ளுகிறவர்

அம்மா முதன்முறை நியூஜெர்ஸிக்கு வந்திருந்தபோது, ஒரு வியாழக்கிழமை காலை யாரோ வேலிக்கதவைத் திறந்து எங்கள் கொல்லைக்குள் நுழைவதைச் சன்னல் வழியாகப் பார்த்தார். வந்தவர் ஒரு கையில் நீளப்பிடி போட்ட முறம், மறு கையில் வாரி வைத்திருந்தார். ஏர் ஓட்டுவதுபோல் புல்தரையின் மூலையில் தொடங்கி வரிசை வரிசையாக நடந்து, குனிந்து பார்த்து, அள்ளிப் பையில் கட்டிக்கொண்டு போனார்.

"நாய்ப் பீயை அள்ள ஒரு ஆளா? அதுக்குக் காசு வேறயா? சாணிதானே, கிடந்தா மண்ணுக்கு உரம்."

அமெரிக்காவில் நாய் வளர்க்கும் தமிழ் வீடுகள் பலவற்றில் இந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன். இதோடு சேர்ந்து இன்னும் சில நம்பிக்கைகளும் உலவுகின்றன. பிள்ளைகள் உருண்டு விளையாடும் தரை சம்பந்தப்பட்டது என்பதால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

முதலில் உரம். மாடு புல்லும் வைக்கோலும் தின்கிறது. அதன் சாணத்தை நம் பாட்டிமார் வாசலில் தெளித்ததும் வயலில் போட்டதும் அது கெடுதல் செய்யாது என்ற நம்பிக்கையில்தான். நாய் தின்பது இறைச்சியும் புரதம் மிகுந்த தீனியும். அதன் கழிவு ஒரே இடத்தில் குவிந்தால் புல் கருகும். அதைவிடப் பெரிய கவலை, அதிலுள்ள கிருமிகளும் புழு முட்டைகளும். அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் பகுதியில் பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்களின் கழிவை மக்கவைத்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க வேளாண்துறை அதைப் பற்றிக் கையேடே வெளியிட்டது. குவியலைச் சூடேறவிட்டு, கிளறி, வெப்பத்தை அளந்து, அவ்வளவு பாடுபட்ட பிறகும் அந்த உரத்தை மனிதர் உண்ணும் பயிருக்குப் போடாதீர்கள் என்பதே அவர்கள் சொன்ன அறிவுரை. அப்படியிருக்க, விழுந்த இடத்திலேயே கிடந்து காய்வதை உரம் என்று எப்படிச் சொல்வது?

"மழை பெய்தால் கரைந்துவிடும்" என்பது அடுத்தது. கரையும், ஆனால் மறையாது. இங்குள்ள பெரும்பாலான புறநகர்களில் மழைநீர் வடிகாலும் வீட்டுக் கழிவுநீர்க் குழாயும் தனித்தனி. தெருவோர வடிகாலில் இறங்கும் நீர் சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்க்காமலே ஓடைக்குப் போகிறது. வாஷிங்டனை அடுத்து வர்ஜீனியாவில் ஓடும் ஃபோர் மைல் ரன் என்ற ஓடையில் கிடைத்த நுண்ணுயிரிகளை மரபணுச் சோதனைக்கு உட்படுத்தியபோது, நீர்ப்பறவை, ரக்கூன், மனிதர் ஆகியவற்றோடு நாயும் மூலமாகத் தென்பட்டது. ஒரு நாய் சராசரியாக நாளொன்றுக்கு 340 கிராம் கழிக்கிறது என்பது இங்கே வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஒரு தெருவில் பத்து நாய் இருந்தால் வாரத்துக்கு 24 கிலோ ஆகிறது.

இன்னொரு தயக்கத்தை என் வயதுக்காரர்களிடம்தான் அதிகம் காண்கிறேன். கழிவை இன்னொருவரை அள்ளவைப்பதா என்ற கூச்சம் அது. அந்தக் கூச்சத்தை மதிக்கிறேன். மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளவைத்த கொடுமைக்கு எதிராக இந்தியாவில் 1993-இல் ஒரு சட்டமும் 2013-இல் இன்னொரு சட்டமும் வந்த பிறகும் அது முற்றாக ஒழியவில்லை. ஆனால் அங்கே பிறப்பைக் காட்டி ஒரு சமூகத்தின் தலையில் சுமத்தினார்கள். மறுக்கவும் வழியில்லை, கையுறையும் இல்லை. இங்கே வருகிறவர் தானே தொடங்கிய தொழிலைச் செய்கிறார். கூலியை அவரே சொல்கிறார். கடிக்கிற நாயைக் கட்டிப்போடாவிட்டால் உள்ளே வரமாட்டேன் என்கிறார். இரண்டையும் ஒன்றாகப் பேசினால் அந்தக் கொடுமையைத்தான் சிறிதாக்குகிறோம். அதே சமயம், அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டால் நம் கை தனி டம்ளரைத் தேடுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டியது நாம்தான்.

நான் அதிகம் கவலைப்படுவது வேறொரு நம்பிக்கையைப் பற்றி. "ஆள் வைத்தாயிற்று, இனி நமக்குக் கவலையில்லை."

இதில் எல்லாமே நாள் கணக்கு. நாயின் குடலில் வாழும் உருளைப்புழுவின் முட்டை, கழிவோடு வெளியே வந்த அன்றே தொற்றுவதில்லை. அது பக்குவப்பட இரண்டிலிருந்து நான்கு வாரம் பிடிக்கிறது. அதன்பின் மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். மண் படிந்த கை பிள்ளையின் வாய்க்குப் போனால், உடலுக்குள் அலையும் அந்தப் புழு சில வேளை கண்ணைக்கூடப் பாதிக்கும். வாரம் ஒருமுறை அள்ளினால் முட்டை பக்குவப்படுமுன் வெளியேறிவிடுகிறது. பணத்தை மிச்சம்பிடிக்க இரு வாரத்துக்கு ஒருமுறை வரச்சொல்கிறவர்கள் சரியாக அந்த எல்லையில் போய் நிற்கிறார்கள். ஒரு தடவைக்குப் பெரும்பாலும் 15 முதல் 25 டாலர் கேட்கிறார்கள். கட்டாது என்றால் ஆளை நிறுத்திவிட்டு நீங்களே அள்ளுங்கள். இடைவெளியை மட்டும் நீட்டாதீர்கள்.

கொக்கிப்புழு இன்னும் அவசரக்காரப் புழு. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் ஒரு வாரத்துக்குள்ளேயே அதன் இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைக்கத் தயாராகிவிடும். ஃப்ளோரிடா, டெக்சஸ் கடலோரம் போன்ற இடங்களில் வாரம் ஒருமுறை போதாது, செருப்பும் வேண்டும். "எங்கள் நாய்க்கு எல்லா ஊசியும் போட்டாச்சு" என்பார்கள். தடுப்பூசி புழுவைக் கொல்லாது. குடற்புழு மருந்து வேறு, அதை மாதாமாதம் கொடுக்க வேண்டும்.

பனிக்காலத்தில் சேவையை நிறுத்துவதும் இதே கணக்கில்தான் தவறுகிறது. குளிரில் முட்டையின் வளர்ச்சி நின்றிருக்கும், உயிர் போகாது. மூன்று மாதத்தில் ஒரு நாய்க்கு 30 கிலோ பனிக்கடியில் சேர்ந்து, வசந்தத்தில் பிள்ளைகள் வெளியே ஓடும் அதே நாட்களில் ஒன்றாகப் பக்குவப்படும்.

ஆளைப் பேசும்போது கூலியைவிட முக்கியமாய்க் கேட்க வேண்டியது, ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகுமுன் முறம், வாரி, காலணி அடி மூன்றையும் எதால் கழுவுகிறார் என்பது. நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் தாங்கும். சாதாரணக் கிருமிநாசினிகள் பலவற்றுக்கு அசையாது. சரியான அளவில் கலந்த ப்ளீச் அதை அழிக்கும். பதில் சொல்லத் தடுமாறுகிறவரை நான் வைக்கமாட்டேன். வேலிக்கதவைத் தாழிட்டதற்குப் படம் அனுப்புவாரா என்றும் கேளுங்கள். "மக்கும் பை" என்ற விளம்பரத்துக்கு மயங்க வேண்டாம். 2015-இல் அமெரிக்க வணிக ஆணையம் அப்படி விளம்பரம் செய்த 20 நிறுவனங்களை எச்சரித்தது. குப்பைமேட்டில் புதைபடும் பை அவ்வளவு சீக்கிரம் மக்குவதில்லை.

ஆள் வைத்ததும் நம் கையைவிட்டுப் போகிற ஒன்று உண்டு. நாய்க்கு உடம்பு சரியில்லை என்பது பல நேரம் அதன் கழிவில்தான் முதலில் தெரியும். எங்கள் வீட்டுக்கு வருபவர் ஒருநாள் படம் எடுத்து அனுப்பினார். அரிசி போன்ற வெள்ளைத் துணுக்குகள். நாடாப்புழு என்றார் மருத்துவர், மாத்திரையில் சரியாகிவிட்டது. தெள்ளுப்பூச்சி வழியாக வருவதாம். வந்தவர் அதைச் சொல்லியிருக்காவிட்டால் எங்களுக்குத் தெரிந்திருக்காது. அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு நாளாவது நானே கொல்லையில் நடந்து பார்க்கிறேன்.

அம்மாவுக்கு இதையெல்லாம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அப்ப நான் கீரை எங்க போடுறது?" நியாயமான கேள்வி. மேலே கிடப்பதைத்தான் வருகிறவர் அள்ளுகிறார். மண்ணில் முன்பே கலந்துவிட்ட முட்டையை அவரால் எடுக்க முடியாது. அதனால் இடுப்புயரத்துக்கு ஒரு மரப்பெட்டி அடித்து, கடையில் வாங்கிய புது மண்ணை நிரப்பி, நாய் ஏறாதபடி சுற்றிலும் கம்பிவலை கட்டிக் கொடுத்தேன். தண்டுக்கீரை அதற்குள்தான் வளர்ந்தது. பெட்டிக்குப் போக அம்மா கொல்லையைக் கடக்க வேண்டும் என்பதால் பின்கதவோரம் ஒரு ஜோடி செருப்பும் கிடந்தது.