வண்டிவீட்டிற்கு ஞாயிறு தரும் மின்சாரம்

எமது கல்லூரியின் பௌதிக ஆய்வுகூடத்திலே ஈயக் கலத்தையும் தடைச்சுருளையும் செப்புக் கம்பியாற் பிணைத்து, அம்பியர்மானியின் முள் அசையக் கண்டு மகிழ்ந்த மாணவர் பலர் இன்று கடல் கடந்த நாடுகளில் வாழ்கின்றனர். கனடாவிற் குடியேறியோருட் சிலர் விடுமுறைக் காலத்தில் ட்ரெயிலர் எனப்படும் இழுவை வண்டியைத் தம் மோட்டார் வாகனத்தின் பின்னே பூட்டிக்கொண்டு காட்டுப் பூங்காக்களுக்குச் செல்வர். படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, நீர்த்தொட்டி ஆகிய யாவும் அமைந்த அவ்வண்டியை இங்கு வண்டிவீடு என்று அழைப்போம். எடுத்துச் செல்லத்தக்க சூரிய மின்பலகையை வண்டிவீட்டின் மின்னமைப்புடன் இணைக்கும் முறையே இக்கட்டுரையின் பொருளாகும்.

இப்பொருளை நாம் தெரிந்தெடுத்தமைக்கு ஓர் இரவே காரணம். ஒன்ராறியோ மாகாணத்தில் 1893ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அல்கோன்குயின் பூங்காவிலே, ஒக்டோபர் மாதத்தில், மின்னிணைப்பு இல்லாத ஓரிடத்தில் தங்கியிருந்தோம். பெட்டிபோல் மடிக்கத்தக்க 200 உவாற்றுப் பலகையொன்றை விலைக்கு வாங்கிச் சென்றிருந்தோம். பகல் முழுவதும் அதன் சிறு விளக்கு, மின்னேற்றம் நடைபெறுகின்றது என்று காட்டியவண்ணம் இருந்தது. ஆயினும் இரண்டாம் இரவு மூன்று மணியளவில் வெப்பமூட்டியின் விசிறி நின்றுவிட்டது. வெளியே நீர் உறையும் குளிர். உள்ளே மூன்று வயதுப் பேரக்குழந்தை. வாயுக்கலன் நிறைய எரிபொருள் இருந்தும், விசிறியைச் சுழற்ற மின்சாரம் இல்லாமையால் வெப்பமூட்டி பயனற்றதாயிற்று. விடியும்வரை குழந்தையை மடியில் வைத்துப் போர்வைகளாற் சுற்றிக்கொண்டு மோட்டார் வாகனத்தில் அமர்ந்திருந்தோம். பலகை பழுதுபட்டது என்றே அப்பொழுது எண்ணினோம். பின்னர் அளந்து பார்த்தவிடத்துப் பலகையிற் பழுதில்லை, எமது கணக்கிலேயே பழுது என்பது தெளிவாயிற்று.

பலகையும் கலவடுக்கும்

ஒளியினால் மின்னோட்டம் பிறத்தலை 1839ஆம் ஆண்டிற் பிரெஞ்சு அறிஞர் எட்மண்ட் பெக்கரல் கண்டார். அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுகூடத்தார் 1954இல் சிலிக்கன் கலத்தைச் செய்து காட்டினர். தன்மேல் விழும் ஒளிச்சத்தியில் நூற்றில் ஆறு பங்களவை அது மின்சத்தியாக மாற்றியது. இன்று கடைகளில் விற்கப்படும் நல்ல பலகைகள் நூற்றில் இருபது பங்கையும் மாற்ற வல்லன.

ஒரு சிலிக்கன் கலம் ஏறத்தாழ அரை உவோற்று அழுத்தமே தரும். ஆதலின் 36 கலங்களைத் தொடராகப் பிணைத்து, 18 உவோற்று அளவில் இயங்கும் பலகையைச் செய்கின்றனர். 100 உவாற்றுப் பலகை முழு வெயிலில் ஐந்தரை அம்பியர் ஓட்டம் தரும். அத்தகைய இரண்டைச் சமாந்தரமாக இணைத்ததே எமது 200 உவாற்றுப் பலகை. வெப்பத்தாலும் தூசியாலும் நேரும் குறைவைக் கழித்து, அதனிடமிருந்து 10 அம்பியர் கிடைக்கும் எனக் கொள்ளுதல் தகும்.

இனி மாணவர் முதலில் மனத்திற் பதிக்கவேண்டியது ஒன்றுண்டு. பலகை விளக்கை எரிப்பதில்லை, விசிறியைச் சுழற்றுவதுமில்லை. இவற்றைச் செய்வது வண்டியின் முன்புறத்திலுள்ள 12 உவோற்று மின்கலவடுக்கு. இரவில் அதனிடம் நாம் பட்ட கடனைப் பகலிலே திருப்பிச் செலுத்துவதே பலகையின் வேலை. எனவே, எவ்வளவு பெரிய பலகை வேண்டும் என்று கடைக்காரரிடம் வினவுமுன், நாளொன்றுக்கு நாம் படும் கடன் எவ்வளவு என்று நம்மையே வினவுதல் வேண்டும்.

கடன் கணக்கு

ஓட்டத்தை அம்பியரிலும் காலத்தை மணியிலும் அளந்து இரண்டையும் பெருக்கினால் வருவது அம்பியர்மணி. இதுவே எமது கணக்கின் நாணயம்.

எமது வண்டிவீட்டில் வெப்பமூட்டியின் விசிறி 8 அம்பியர் கொள்ளும். குளிர்ந்த இரவிற் பத்து மணி நேரத்தில், மணிக்கு இருபது நிமிடமாக அது சுழன்றால் 27 அம்பியர்மணி செலவாகும். கால் அம்பியர் கொள்ளும் நான்கு விளக்குகள் ஐந்து மணி நேரம் எரிய 5, நீரிறைக்கும் பம்பி கால்மணி நேரம் இயங்க ஏறத்தாழ 2, கைத்தொலைபேசிகளுக்கு 3. வாயுக்கசிவை அறிவிக்கும் கருவியும் குளிர்சாதனப் பெட்டியின் கட்டுப்பாட்டுச் சுற்றும் நாம் கவனியாதிருக்கும்போதும் அரை அம்பியர் கொள்கின்றன. அஃது இருபத்துநான்கு மணி நேரத்திற்கு 12 ஆகும். மொத்தம் 49 அம்பியர்மணி.

எமது ஈய அமிலக் கலவடுக்கின் கொள்ளளவு 100 அம்பியர்மணி. ஆனால், ஈயக் கலத்தைப் பாதிக்குக் கீழே அடிக்கடி வெறுமையாக்கினால் அதன் ஆயுள் விரைவிற் குன்றும். ஆகவே நாம் தாராளமாகச் செலவிடக்கூடியது 50 மாத்திரமே. ஓரிரவின் செலவோ 49. முதலிரவு கழிந்தபொழுதே கையிருப்பு ஏறக்குறைய முடிந்துவிட்டது. அதனை நாம் அறிந்திலோம்.

வரவு யாது? ஒக்டோபரில் அவ்விடத்து ஒரு நாள் வெயிலை முழு வெயிலாகச் சுருக்கிக் கணக்கிட்டால், ஏறத்தாழ மூன்று மணி நேரமே தேறும். பத்தை மூன்றாற் பெருக்க 30. மின்னேற்றத்தில் நேரும் இழப்புப் போக 25. யூலையிலே அதே பலகைக்கு ஐந்து மணி நேர வெயில் கிடைக்கும், வெப்பமூட்டியும் வேண்டியதில்லை. அக்காலத்திற் செலவு 22, வரவு 40க்கு மேல். கோடையிற் செல்வனாக இருந்தவன் இலையுதிர் காலத்திற் கடனாளியாகின்றான். கோடையில் ஒருமுறை சென்று யாவும் நன்றாயிருக்கக் கண்டு, அந்நம்பிக்கையிற் குளிர்காலத்தை எதிர்கொள்வோரே பெரும்பாலும் ஏமாறுகின்றனர். நாமும் அவ்வாறே ஏமாந்தோம்.

சீராக்கி இருக்க வேண்டிய இடம்

பலகை தரும் 18 உவோற்றை அப்படியே கலவடுக்கிற் செலுத்துதல் தகாது. ஈயக் கலவடுக்கின் அழுத்தம் மின்னேற்றத்தின்போது 14.4 உவோற்றளவிற்கு உயர்ந்ததும் ஓட்டத்தைக் குறைத்தல் வேண்டும். அன்றேல் அமிலக் கரைசலிலுள்ள நீர் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிந்து போகும். இக்காவலைச் செய்யும் கருவிக்கு மின்னேற்றச் சீராக்கி என்று பெயர். எளிய வகைச் சீராக்கி பலகையின் மேலதிக அழுத்தத்தை வீணாக்கிவிடும். பலகையின் உச்ச வலுவைத் தேடி இயங்கும் வகையோ மேலதிக அழுத்தத்தைச் சிறிது கூடிய ஓட்டமாக மாற்றித் தரும், விலையும் கூடியது.

மடிக்கும் பலகைகள் பலவற்றிற் சீராக்கி பலகையின் முதுகிலேயே பொருத்தப்பட்டிருக்கும். எமது பலகையும் அத்தகையதே. வண்டி மரநிழலில் நிற்க, பலகையை ஒன்பது மீற்றர் தொலைவில் வெயிலிற் பரப்பியிருந்தோம். நிழலில் வீடும் வெயிலிற் பலகையும் இருக்கலாம் என்பதே எடுத்துச் செல்லும் பலகையின் சிறப்பு. ஆனால், இடையிலுள்ள கம்பியை மறந்தோம். 2.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பி ஒன்பது மீற்றர் சென்று ஒன்பது மீற்றர் திரும்பும்பொழுது அதன் தடை ஓமின் எட்டில் ஒரு பங்காகும். 10 அம்பியர் பாய்ந்தால் ஓமின் விதிப்படி 1.2 உவோற்று வழியிலேயே இழக்கப்படும்.

அதன் விளைவைக் காண்க. தன் முனையில் 14.4 உவோற்றைக் கண்ட சீராக்கி, கலவடுக்கு நிரம்பப்போகின்றது எனக் கருதி ஓட்டத்தைக் குறைக்கின்றது. அவ்வேளையிற் கலவடுக்கின் முடிவிடங்களில் இருப்பதோ 13.2 மாத்திரமே. ஓட்டம் குறையக் குறைய இழப்பும் குறையுமாயினும், குறுகிய பகற்பொழுதின் நல்ல வெயில் அதற்குள் கழிந்துவிடும். விளக்கு எரிந்துகொண்டிருக்க, கலவடுக்கு பசியோடிருந்தமையின் காரணம் இதுவே.

பரிகாரம் எளியது. சீராக்கியைப் பலகையின் முதுகிலிருந்து அகற்றிக் கலவடுக்கின் அருகே, காற்றும் மழையும் படாத இடத்திற் பொருத்துக. அப்பொழுது நீண்ட கம்பியிற் செல்வது பலகையின் 18 உவோற்று, 1.2 இழந்தாலும் எஞ்சும் 16.8, மின்னேற்றத்திற்குப் போதுமானது. கம்பியின் பருமனை 5 சதுர மில்லிமீற்றராக்கினால் இழப்பும் பாதியாகும்.

இணைக்கும் ஒழுங்கு

சில வண்டிவீடுகளின் பக்கச் சுவரிற் பலகைக்கென ஒரு மின்குதை இருக்கும். அதன் கம்பிகள் நேரே கலவடுக்கிற்குச் செல்கின்றனவா, உள்ளேயுள்ள சீராக்கிக்குச் செல்கின்றனவா என்று முதலில் ஆராய்தல் வேண்டும். உள்ளே ஒரு சீராக்கி இருப்பின் பலகையிலுள்ளதை விலக்குக. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டைப் பிணைத்தால், பின்னது முன்னதன் அளவீட்டைக் குழப்பும். குதைகள் யாவும் ஒரே முறையாக நேர்முனையையும் மறைமுனையையும் கொண்டவையல்ல. செருகுமுன் பல்மானியால் அளந்து, நேரை நேருடனும் மறையை மறையுடனும் சேர்க்க.

கலவடுக்கின் நேர் முடிவிடத்திலிருந்து ஒரு சாண் தூரத்திற்குள் உருகியொன்றை இடுதல் தவிர்க்கலாகாதது. எமது ஓட்டத்திற்கு 15 அம்பியர் உருகி பொருந்தும். குறுஞ்சுற்று நேர்ந்தாற் பலகை தருவது பத்துப் பதினொரு அம்பியரே. கலவடுக்கோ பல நூறு அம்பியரைத் தந்து கம்பியைச் செந்தணலாக்கும். உருகி காப்பது கம்பியை. கம்பி காக்கப்படின் வீடும் காக்கப்படும்.

இணைக்கும்போது பலகையைத் துணியால் மூடி, முதலிற் கலவடுக்கைச் சீராக்கியுடனும், அதன்பின் பலகையைச் சீராக்கியுடனும் இணைக்க. கழற்றும்போது பலகையை முதலிற் கழற்றுக. சீராக்கி எந்தக் கலவடுக்கிற்கு வேலை செய்கின்றது என்பதை அறிந்த பின்னரே பலகையின் மின்னை ஏற்றல் வேண்டும் என்பதே இவ்வொழுங்கின் கருத்து. ஈயக் கலவடுக்கு ஐதரசன் வாயுவை வெளிவிடுமாதலால், அதனை வீட்டினுள் அடைத்து வைத்தல் ஆகாது. இலிதியம் இரும்புப் பொசுபேற்றுக் கலவடுக்கை வைத்திருப்போர் சீராக்கியை அதற்கேற்ப மாற்றியமைத்தல் வேண்டும். உறைநிலைக்குக் கீழே அதற்கு மின்னேற்றினாற் கேடு விளையும்.

சாய்வும் நிழலும்

யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் நண்பகற் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலே நிற்கும். பலகையைக் கிடையாக வைத்தாலும் குறைவு சிறிதே. அல்கோன்குயினில் அம்மாத முற்பகுதியில் நண்பகற் சூரியன் அடிவானிலிருந்து 38 பாகை உயரத்திலேயே நிற்கின்றது. அங்கு பலகையைக் கிடையாக இட்டால், நண்பகலிலும் அதன்மேல் விழுவது நேரொளியிற் பத்தில் ஆறு பங்கே. தெற்கு நோக்கி, கிடையிலிருந்து 50 பாகையளவு நிமிர்த்தி வைத்தல் நன்று. மேலும், கலங்கள் தொடராகப் பிணைக்கப்பட்டிருப்பதால் ஒரு கிளையின் நிழல் சில கலங்களில் விழுந்தாலும் ஓட்டம் பெரிதும் குன்றும். எனவே காலையிலும் நண்பகலிலும் பிற்பகலிலும் பலகையை வெயிலுக்கேற்ப நகர்த்துதல் வேண்டும்.

அடுத்த ஒக்டோபர்

இவற்றையெல்லாம் திருத்திய பின்னரும் நாளொன்றின் செலவு 49, வரவு 25 என்பது மாறவில்லை. ஆதலின் இரண்டாவது கலவடுக்கொன்றைச் சமாந்தரமாகச் சேர்த்தோம். செலவிடத்தக்க இருப்பு 100 ஆயிற்று. முதலிரவு கடந்தபின் கடன் 49; பகல் வரவின் பின் 24. இரண்டாம் இரவின்பின் 73. பகலின் பின் 48. மூன்றாம் இரவின்பின் 97. நான்காம் இரவு அங்கே தங்கலாகாது என்று கணக்குத் தெளிவாகக் கூறியது. முகில் மூடினாற் கணக்கு இன்னும் இறுகும். ஆதலால் வெப்பநிலையைச் சிறிது தாழ்த்தி, போர்வைகளைக் கூட்டி, மாலைதோறும் அழுத்தத்தை அளந்து குறித்துவைத்தோம்.

மூன்று இரவுகளும் விசிறி ஒருமுறையேனும் தவறவில்லை. வெயில் தந்ததற்கு மேல் நாம் கேட்கவுமில்லை. நான்காம் நாட் காலை, கணக்குச் சொன்னபடியே பலகையை மடித்துக்கொண்டு புறப்பட ஆயத்தமானோம். அவ்வேளையிலும் பேரக்குழந்தை போர்வையை உதறிவிட்டு வெதுவெதுப்பாக உறங்கிக்கொண்டிருந்தது.