பத்து இரவுகளும் நான்கு ஊர்களும்: வியட்நாம் பயணத்தைத் திட்டமிடுதல்

அந்நியச் செலாவணி மேசைக்கு வருவோர் வழக்கமாகக் கேட்கும் முதற்கேள்வி, "இன்று டாலர் என்ன விலை?" என்பதுதான். ஓர் ஆகஸ்டு மாதப் பிற்பகலில் எங்கள் கிளைக்கு வந்த தம்பதியர் அதைக் கேட்கவில்லை. நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாள் ஒன்றை என் முன் விரித்துவைத்து, "இத்தனை ஊருக்கும் எவ்வளவு பணம் கொண்டுபோக வேண்டியிருக்கும் சார்?" என்றனர். அம்மையார் பள்ளித் தலைமையாசிரியர். ஓய்வுபெற இரண்டாண்டுகள் இருந்தன. கணவர் ஓய்வுபெற்றவர், முழங்கால் வலி உடையவர். மூன்றாண்டுகள் தொடர்வைப்பில் சேர்த்த பணம் அந்த மாதம் முதிர்வடைந்திருந்தது. அவர்கள் செல்லவிருக்கும் முதல் வெளிநாட்டுப் பயணம் அது.

தாளில் எட்டு ஊர்கள் இருந்தன: ஹனோய், சாப்பா, ஹா லாங், ஹுவே, ஹோய் ஆன், ஹோ சி மின் நகரம், கன் தோ, ஃபூ குவோக் தீவு. காலம் அக்டோபர் விடுமுறை. மொத்தம் பத்து இரவுகள். ஹனோயில் இறங்கி, ஹனோயிலிருந்தே திரும்புவதாக எண்ணியிருந்தனர். எவ்வளவு பணம் வேண்டும் என்பதற்கு விடை கூறுமுன், எவ்வளவு நேரம் வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம் என்றேன். அன்று மேசையில் கூட்டம் இல்லாதது நல்லதாயிற்று.

ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் பெயர்வது என்றால் என்னவென்று எண்ணிப் பாருங்கள். பெட்டி கட்ட வேண்டும். நண்பகலுக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். விமானமாயின் இரண்டு மணி நேரம் முன்னதாக நிலையத்தை அடைய வேண்டும். இறங்கியபின் பெட்டிக்காகக் காத்து, வாடகைக் கார் பிடித்து, புதிய விடுதியில் அறை ஆயத்தமாகும்வரை வரவேற்பறையில் அமர்ந்திருக்க வேண்டும். வானில் பறப்பது ஒன்றேகால் மணி நேரமேயானாலும் பகலில் பாதி போய்விடும். தம்பதியரின் தாளில் இத்தகைய பெயர்ச்சிகள், கடைசியில் ஹனோய் திரும்புவதையும் சேர்த்து, எட்டு இருந்தன. நான்கு பகல்கள் இவற்றிலேயே கழியும். சாப்பாவின் கணக்கு இதனினும் கடினம். அம்மலையூர் ஹனோயிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், சாலைவழி ஐந்தாறு மணி நேரத் தொலைவில் உள்ளது. அங்கிருந்து ஹா லாங் செல்ல மீண்டும் ஹனோய் வழியாகவே வர வேண்டும். ஆக, முழுப் பகலொன்று பேருந்திலேயே முடிந்துவிடும்.

வரைபடத்தில் வியட்நாம் சிறிய நாடாகத் தோன்றுவதே இம்மயக்கத்துக்குக் காரணம். அகலம் குறைவுதான், நீளமோ ஏறத்தாழ 1,650 கிலோமீட்டர். ஹனோயையும் சைகோனையும் இணைக்கும் இருப்புப்பாதையின் நீளம் 1,726 கிலோமீட்டர். 1936இல் நிறைவுற்ற அப்பாதையில் முழுத்தொலைவும் செல்ல முப்பது மணி நேரத்துக்கு மேலாகும். (சைகோன் என்பது ஹோ சி மின் நகரத்தின் பழைய பெயர், பேச்சில் இன்றும் வழங்குகிறது.)

அடுத்தது மழை. வெப்பமண்டல நாட்டுக்குச் செல்வோர் "மழைக்காலம் எது?" என்று ஒற்றைக் கேள்வி கேட்பது வழக்கம். வியட்நாமுக்கு அக்கேள்வி பொருந்தாது. அங்கே மழைக்காலங்கள் மூன்று. தமிழ் வாசகர்க்கு இதனை விளக்குவது எளிது. தெற்கே சைகோனும் மேகாங் கழிமுகமும், கேரளத்தைப் போலத் தென்மேற்குப் பருவக்காற்றால் மழை பெறுபவை. மே முதல் நவம்பர் வரை அங்கு மழை உண்டு. நடுப்பகுதியில் உள்ள ஹுவே, டா நாங், ஹோய் ஆன் ஆகியவை நம் சோழமண்டலக் கரையின் உடன்பிறப்புகள். வடகிழக்குக் காற்று கடலைக் கடந்து வந்து துரோங் சோன் மலைத்தொடரில் மோதுவதால், ஐப்பசி கார்த்திகையில் நமக்குப் பெய்யும் நாள்களிலேயே அவர்களுக்கும் பெய்யும். வடக்கே ஹனோயில் கோடையில் மழை. குளிர்காலத்தில் பனிமூட்டமும் தூறலும்.

ஆகவே அக்டோபரில் ஹோய் ஆன் செல்வது, நவம்பர் நடுவில் மெரினாவுக்குக் காற்று வாங்கச் செல்வது போன்றது. 2025ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் ஹுவேயும் ஹோய் ஆனும் பெருவெள்ளத்தில் மூழ்கின. அவ்வாறு நேராத ஆண்டுகளிலும் அம்மாதத்தில் ஹோய் ஆனின் ஆற்றங்கரைத் தெருக்களில் நீர் ஏறுவது புதிதன்று. நாடு முழுவதற்கும் ஓரளவு ஒத்துவரும் மாதங்கள் மார்ச்சும் ஏப்ரலும்தான். ஆனால் தலைமையாசிரியர் ஒருவர் தேர்வுக் காலத்தில் விடுப்புக் கேட்பது எங்ஙனம்? எஞ்சியது மே மாதம். அதிலும் ஏப்ரல் 30, மே 1 ஆகிய இரு நாள்களும் வியட்நாமில் தேசிய விடுமுறை. விமானமும் தொடர்வண்டியும் விடுதியும் உள்நாட்டு மக்களால் நிரம்பிவிடும். அந்நெரிசல் தணிந்தபின், மே முதல் வாரத்தின் இறுதியில் புறப்படுவதென்று முடிவாயிற்று.

மே மாதம் என்றதும் பயணத்தின் திசையும் மாறியது. தெற்கில் மழை அம்மாதம் தொடங்கி நாளாக நாளாக வலுக்கும். நடுப்பகுதியோ அப்போது வறண்டு வெயிலாக இருக்கும். எனவே தெற்கை முதலில் முடித்துக்கொண்டு வடக்கு நோக்கிச் செல்வதே முறை. சைகோனில் இறங்கி ஹனோயில் விமானம் ஏறும் வகையில் பயணச்சீட்டு எடுத்தால், வந்த வழியே திரும்பும் வீண்செலவும் இல்லை. விமான நிறுவனங்களின் முன்பதிவுப் பக்கத்தில் 'மல்டி சிட்டி' என்னும் பிரிவில் இதைப் பெறலாம். இருவழிச் சீட்டைவிடக் கட்டணம் சற்றுக் கூடுதலாகத் தோன்றினும், நாட்டின் மறுமுனையிலிருந்து தொடங்கிய இடத்துக்கே மீளும் உள்நாட்டு விமானக் கட்டணத்தையும் ஒரு விடுதி இரவையும் அதனுடன் சேர்த்து ஒப்பிட வேண்டும்.

எட்டு ஊர்களில் நான்கினை அடித்தோம். கணவர் சாப்பாவை விட மனமின்றி நெடுநேரம் வாதிட்டார். படிவயல்கள் அழகுதான், ஆயின் முழங்கால் வலியுடன் மலைச்சரிவில் நடக்க வேண்டுமே என்று அம்மையார் கூறியதும் அமைதியானார். தீவு போயிற்று, கன் தோ போயிற்று. ஹா லாங், தங்கும் ஊராக இல்லாமல் ஹனோயிலிருந்து ஒருநாள் சென்றுவரும் இடமாயிற்று. விரைவுச்சாலையில் இரண்டரை மணி நேரம்தான்.

எஞ்சியவை: சைகோனில் இரண்டு இரவுகள், ஹோய் ஆனில் மூன்று, ஹுவேயில் இரண்டு, ஹனோயில் மூன்று. பெயர்ச்சிகள் எட்டிலிருந்து மூன்றாகக் குறைந்தன. ஹோய் ஆனுக்கு விமான நிலையமும் இல்லை, இரயில் நிலையமும் இல்லை. சைகோனிலிருந்து டா நாங்குக்குப் பறந்து, அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் காரில் செல்ல வேண்டும். டா நாங்கிலிருந்து ஹுவேக்கு மட்டும் தொடர்வண்டியைத் தேர்ந்தோம். ஹாய் வான் கணவாயைக் கடலோரமாகச் சுற்றிச் செல்லும் அவ்வழி ஏறத்தாழ மூன்று மணி நேரம். காரில் சென்றால் 2005இல் திறக்கப்பட்ட ஆறு கிலோமீட்டர்ச் சுரங்கத்துள் நுழைந்து விரைவில் கடந்துவிடலாம். ஆனால் கடலைக் காண முடியாது. சில பெயர்ச்சிகளைக் குறைக்க வேண்டும். சிலவற்றையோ காட்சியாகவே கொள்ளலாம். பின்னர் ஹுவேயிலிருந்தே ஹனோய்க்கு விமானம் உண்டு.

ஹோய் ஆனுக்கு மூன்று இரவுகள் ஒதுக்கியதன் காரணம் அவ்வூர் மட்டுமன்று. நாற்பது கிலோமீட்டர் அப்பால் மி சோன் கோயில்கள் உள்ளன. நான்காம் நூற்றாண்டில் சம்பா நாட்டு மன்னன் பத்ரவர்மன் பத்ரேசுவரர் என்னும் பெயரில் சிவலிங்கம் நிறுவிய இடம் அது. 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பெரிதும் சிதைந்தது. 1999 முதல் உலக மரபுச் சின்னம். நம் இந்தியத் தொல்லியல் துறை அங்கே மேற்கொண்ட சீரமைப்புப் பணியின்போது, 2020இல், ஒரே கல்லாலான ஒன்பதாம் நூற்றாண்டுச் சிவலிங்கம் வெளிப்பட்டது. மே மாத வெயிலில் காலை எட்டு மணிக்குள் அங்கே இருப்பது நலம். சைகோனிலும் நமக்குரிய தொடர்பு ஒன்று உண்டு. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் நாட்டுக்கோட்டை நகரத்தார் அங்கே வட்டித்தொழில் நடத்தினர். அந்நாளைய மாரியம்மன் கோயிலிலும் தண்டாயுதபாணி கோயிலிலும் இன்றும் வழிபாடு நடக்கிறது. வங்கித் தொழிலில் இருப்பவன் இதைச் சொல்லாமல் விடலாகாது.

மரக்கறி உண்போர் 'சாய்' என்னும் சொல்லை நினைவில் கொள்க. அது தேநீர் அன்று, மரக்கறி உணவு. மரக்கறிச் சமையலுக்குப் பெயர்பெற்றது ஹுவே. மற்ற ஊர்களில் கீரைப் பொரியலிலும் மீன்சாறு கலந்திருக்கக்கூடும்; கேட்டுத் தெளிவது நன்று.

இனி ஆவணங்கள். வியட்நாம் 2023 ஆகஸ்டு முதல் 90 நாள் மின்விசா வழங்குகிறது. ஒருமுறை நுழைவுக்கு 25 டாலர், பலமுறை நுழைவுக்கு 50 டாலர். இடையில் கம்போடியா சென்று அங்கோர் வாட் கண்டு திரும்ப எண்ணுவோர் இரண்டாவது வகையையே பெற வேண்டும். இல்லையேல் மீண்டும் வியட்நாமுக்குள் நுழைய இயலாது. தலைப்பெழுத்து வழக்கமுடைய நம்மவர்க்குத் தனி எச்சரிக்கை ஒன்று: கடவுச்சீட்டில் தந்தை பெயர் எந்தக் கட்டத்தில் எவ்வாறு விரிந்துள்ளதோ, விசாவிலும் பயணச்சீட்டிலும் எழுத்துப் பிசகாமல் அவ்வாறே இருக்க வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, இந்தியாவிலிருந்து ஒரு பயணத்துக்கு, பெரும்பாலான நாடுகளுக்கு 3,000 டாலர் வரையே நோட்டுகளாகக் கொண்டுசெல்லலாம், எஞ்சியது அட்டையில்தான். பார்க்ஸ் கார்டுகளில் பொதுவாக வியட்நாமின் டாங் நாணயம் இராது. டாலராக ஏற்றிச் செலவிடும்போது மாற்றுக்கட்டணம் எவ்வளவு என்பதை முன்பே கிளையில் கேளுங்கள். அங்கே கடையில் அட்டை இயந்திரம் 'ரூபாயா, டாங்கா?' என்று கேட்டால் டாங் என்றே அழுத்துக. ரூபாய் என்றால் அவர்கள் வைத்த விலைக்கு நீங்கள் இசைந்ததாகும். அட்டையின் வெளிநாட்டுப் பயன்பாட்டைப் புறப்படுமுன் செயலியில் திறந்துவையுங்கள். ஓடிபி வரும் எண்ணுக்கு ரோமிங் வசதி உள்ளதா என்றும் பாருங்கள்.

ஆயிரம் டாங் ஏறத்தாழ மூன்று ரூபாய்ச் சொச்சம். உணவுப் பட்டியலில் '50' என்றிருப்பின் அது ஐம்பதாயிரம். மூன்று சுழிகளை விட்டுவிடுவது அங்குள்ள வழக்கம். 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டும் நீலச்சாயல் உடையவை. ஒன்றின் மதிப்பு எழுபது ரூபாயை ஒட்டியது; மற்றது ஆயிரத்தைந்நூறைத் தாண்டும். இரவில் வாடகைக் காரிலிருந்து இறங்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பெரிய நோட்டைத் தனி உறையில் வைத்துக்கொள்ளும்படி தம்பதியரிடம் கூறினேன்.

ஒரு நாள் மட்டும் தாளில் வெற்றிடமாக விடப்பட்டது. ஹனோயில் தங்கும் இரண்டாம் நாள் ஹா லாங். மூன்றாம் நாளுக்கு எதுவும் எழுதவில்லை. "அந்த நாளையும் நிரப்பலாமே" என்றார் கணவர். காற்று வலுத்தால் ஹா லாங் விரிகுடாவில் துறைமுக அதிகாரிகள் படகுகளை நிறுத்திவிடுவர். அது யாருடைய கையிலும் இல்லை. அதனால் அப்பயணத்தை ஊர் திரும்புவதற்கு முந்திய நாளில் வைக்கலாகாது. நாள் மாற்றித் தரும் ஏற்பாடுடைய படகுச் சீட்டாகப் பார்த்து வாங்கும்படியும், நட்டமின்றி நீக்கிக்கொள்ளக்கூடிய விடுதிகளையே பதிவு செய்யும்படியும் கூறினேன். கட்டணம் சற்றுக் கூடும்; அக்கூடுதலைச் செலவாகக் கருதாமல் காப்பீட்டுத் தவணையாகக் கருதலாம்.

மே மாத இறுதியில் இருவரும் கிளைக்கு வந்தனர். இரண்டாம் நாள் காலையில் இடியும் காற்றுமாக இருந்ததால் படகு விடவில்லையாம். அன்று ஹனோயின் பழைய தெருக்களில் குடையுடன் சுற்றிவிட்டு, மறுநாள் தெளிந்த வானின்கீழ் விரிகுடாவில் சென்றிருக்கின்றனர். அம்மையாரின் கைப்பையில் 140 டாலர் எஞ்சியிருந்தது. திரும்பிய 180 நாள்களுக்குள் ஒப்படைக்கலாம், 2,000 டாலர் வரை அடுத்த பயணத்துக்காகக் கையிலேயே வைத்துக்கொள்ளவும் விதி இடம் தருகிறது என்றேன். அவர் சற்று எண்ணிப் பார்த்துவிட்டு, டாலரைப் பைக்குள் வைத்துக்கொண்டு, புதிய தொடர்வைப்புக்கு விண்ணப்பப் படிவம் கேட்டார்.