பற்றவைத்த சட்டத்தின் உட்புறம்

இரும்புக்குப் பகை துரு என்பதைப் பள்ளியிலேயே படித்துவிட்டோம். ஈரமும் பிராணவாயுவும் சேர்ந்தால் இரும்பு துருப்பிடிக்கும். வண்ணம் பூசினால் துரு தடைப்படும். பாடம் இவ்வளவே. ஆனால் தூரிகை எட்டாத இடம் ஒன்று வண்டிகளில் உண்டு. பட்டறைக்காரர்கள் 'சேஸ்' என்று சொல்லும் அடிச்சட்டத்தைப் பல வண்டிகளில் தகடுகளை மடித்து, பெட்டிபோல் மூடிப் பற்றவைத்துச் செய்கிறார்கள். அந்தப் பெட்டியின் உட்புறத்தைத்தான் சொல்கிறேன். வெளியே பளபளக்கும் சட்டம் உள்ளே காகிதம்போல் மெலிந்திருக்கலாம். பழைய ஜீப்புகளை வாங்கிப் புதுப்பிக்கும் ஆசை நம் நண்பர் சிலருக்கும் உண்டு. அப்படிப்பட்ட வண்டி பலமனேரிலிருந்து சித்தூர் செல்லும் வழியில் மொகிலி கணவாயில் இறங்கும்போது, ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் பிராக்கெட் சட்டத்தோடு பிய்ந்து வந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

சட்டத்தைக் காற்றுப் புகாமல் முழுதும் அடைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். நல்ல கேள்விதான், கணக்குப் போட்டுப் பார்ப்போம். உள்ளளவு 50 மில்லிமீட்டர் சதுரமும் ஒரு மீட்டர் நீளமும் கொண்ட குழலில் 2.5 லிட்டர் காற்று அடங்கும். அதிலுள்ள பிராணவாயு ஏறத்தாழ 0.7 கிராம். அது முழுவதும் செலவானாலும் துருவாகும் இரும்பு 1.6 கிராமே. உட்சுவர் முழுவதிலும் பரவினால், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கனம்தான் போகும். அதன்பின் துருவுக்கு இரை இல்லை. ஆகவே உண்மையிலேயே அடைபட்ட குழலைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

'உண்மையிலேயே' என்ற சொல்லில்தான் வம்பு இருக்கிறது. பற்றவைப்பில் ஊசிமுனை அளவு துளை ஒன்று இருந்தால் போதும், குழல் மூச்சுவிடத் தொடங்கிவிடும். நம் ஊர் வெயிலில் 45 டிகிரிக்குச் சூடான சட்டம் இரவில் 25 டிகிரிக்குக் குளிரும்போது, உள்ளிருக்கும் காற்றில் பதினைந்தில் ஒரு பங்கு அளவுக்குப் புதுக்காற்று உள்ளே இழுக்கப்படும். நாள்தோறும் இதே கதை. வெயிலில் காய்ந்த சட்டத்தின்மேல் திடீரென்று மழை பெய்தால் துளை உறிஞ்சுவது காற்றையன்று, தண்ணீரையே. புகுந்த நீருக்கு வெளியேற வழியும் இல்லை. அரைகுறையாக அடைத்த சட்டத்தைவிடத் திறந்த சட்டமே மேல் என்பது என் கருத்து. 2021 நவம்பர் வெள்ளத்தில் திருப்பதியில் வண்டிகள் நீரில் நின்றதை நாம் மறக்கவில்லை. அத்தகைய வண்டிகளில் நீர் வடிந்தாலும் சேறு தங்கும். அந்தச் சேறு ஈரத்தைப் பல நாள் பிடித்து வைத்திருக்கும்.

இத்துன்பம் ஜீப்புக்கு மட்டும் உரியதன்று. நம் பல்கலைக் கழகம் தோன்றியதற்கு அடுத்த ஆண்டான 1955 இல் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை தொடங்கியது. சுவிட்சர்லாந்து நாட்டு ஷ்லீரன் கம்பெனியின் வடிவத்தில், முழுதும் பற்றவைத்த எஃகுப் பெட்டிகளை அது செய்தது. அவ்வடிவப் பெட்டிகள் செய்வது 2018 இல் நின்றது. திருப்பதியிலுள்ள பெட்டி பழுதுபார்க்கும் தொழிற்சாலை போன்ற இடங்களில் இப்பெட்டிகளைப் பிரித்துப் பார்க்கும்போது, கழிவறையின் கீழும் வாயிற்படியின் அருகிலும்தான் அரிப்பு மிகுதி. நீர் சிந்தும் இடங்கள் அவை. பெட்டியின் இருபுறமும் ஓடும் 'சோல்பார்' என்னும் உத்திரத்தைப் பக்கச் சுவரின் அடிமடிப்பு மறைத்து நிற்கிறது. ஆகையால் அந்த மடிப்பிலே திறப்புகள் விட்டு, அழுக்கைச் சுரண்டி, விளக்கைப் பிடித்துப் பார்த்து, கூர்முனைச் சுத்தியலால் தட்டிச் சோதிப்பார்கள். பார்ப்பதற்கு வழி வைத்துக்கொள்ளும் இந்த முறையைச் சிறு பட்டறைகளும் கைக்கொள்ளலாம்.

சித்தூரில் ஒரு பட்டறையில் பழைய ஜீப் ஒன்றின் சட்டத்தைப் புதுப்பிக்கும் வேலையைச் சில நாள் கண்டேன். அரித்த பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார் மேஸ்திரி. வெளிப்புறத்தை அரைத்து, ரெட் ஆக்சைடு பூசினார். "உள்ளே என்ன செய்வீர்கள் அண்ணா?" என்றேன். "தம்பி, எல்லா வெல்டிங்கும் முடியட்டும். அதுவரை உள்ளே ஒரு சொட்டும் விடமாட்டேன்" என்றார்.

அவர் சொல்லில் இரண்டு காரணங்கள் அடங்கியிருக்கின்றன. எஃகு உருகுவது ஏறத்தாழ 1500 டிகிரியில். துத்தநாகமோ 907 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். சாதாரண வண்ணம் அதற்கு வெகுமுன்பே கருகும். ஆகவே வெளியே ஒரு தையல் பற்றவைத்தால் அதன் பின்புறம் உள்ளே வெற்று இரும்பாகிவிடுகிறது. புதுப்பித்த சட்டம் மறுபடியும் முதலில் துருப்பிடிப்பது பெரும்பாலும் அங்கேதான். மற்றொரு காரணம் உயிரைப் பற்றியது. உள்ளே தெளிக்கும் மெழுகில் எளிதில் தீப்பற்றும் கரைப்பான் உண்டு. அதைத் தெளித்த மூடிய சட்டத்தில் வெல்டிங் சுடரை வைப்பவர் தம் முகத்துக்கே தீ வைத்துக்கொள்கிறார்.

எதைத் தெளிப்பது என்பதில் பட்டறைக்குப் பட்டறை வழக்கம் வேறுபடும். ஓடிய எஞ்சின் எண்ணெயை ஊற்றுவோர் பலர். காசு செலவில்லை என்பதைத் தவிர அதில் சிறப்பொன்றும் நான் காணவில்லை. அமிலம் சேர்ந்த எண்ணெய் அது, ரப்பர் புஷ்களையும் கெடுக்கும். பழைய விமானங்களின் எஃகுக் குழல்களில் சூடான ஆளிவிதை எண்ணெயை ஊற்றிச் சுழற்றி, வடித்துவிட்டுத் துளையை அடைப்பது வழக்கம். வண்டிச் சட்டத்துக்கு இதற்கென்றே விற்கும் மெழுகுதான் ஏற்றது. அது தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடுக்கில் தானே ஊர்ந்து நுழையும். காய்ந்த பிறகும் மென்மையாகவே இருப்பதால் வண்ணம்போல் வெடிக்காது.

சித்தூர் மேஸ்திரி செய்த முறை இது. உள்ளே தண்ணீர் பீய்ச்சிச் சேற்றை வெளியேற்றினார். கம்ப்ரெஸர் காற்றை ஊதி, சட்டத்தை இரண்டு நாள் வெயிலில் காயவிட்டார். ஈரத்தின்மேல் மெழுகு படிந்தால் ஈரத்தையும் உள்ளே பூட்டிவிடும் அல்லவா? பிறகு, முனையில் சுற்றிலும் துளையிட்ட நீண்ட குழாயைச் சட்டத்தின் கடைசிவரை செலுத்தி, மெதுவாகப் பின்னுக்கு இழுத்தபடியே தெளித்தார். ஒவ்வொரு பற்றவைப்பின் நேரேயும் சற்று நிறுத்தினார். கீழிருந்த வடிதுளைகளில் மெழுகு சொட்டி நின்றதும், ஒரு கம்பியை எடுத்து ஒவ்வொரு துளையையும் குத்தித் திறந்துவிட்டார்.