வினாத்தாள் வதந்தியும் தேர்வு அச்சமும்

கேள்வி: நீட் தேர்வுக்குப் படிக்கும் என் மகள், 'வினாத்தாள் கசிந்துவிட்டது' என்று டெலிகிராமில் வரும் செய்திகளால் உறங்காமல் தவிக்கிறாள். என்ன செய்வது? (ஒரு தாய், நாமக்கல்)

பதில்: தங்கள் மகள் அச்செய்திகள் வரும் டெலிகிராம் குழுக்களிலிருந்து இன்றே விலகிவிடுவது நல்லது, ஏனெனில், டெலிகிராமில் முன்பே இட்ட ஒரு பதிவைத் தேர்வு முடிந்தபின் திருத்தி உண்மையான வினாத்தாளின் படத்தை அதில் பொருத்தினாலும், பதிவின் பழைய நேரமே நிலைத்திருப்பதால், 'முன்கூட்டியே வெளியிட்டோம்' என்று காட்டிப் பணம் பறிப்பது மோசடிக்காரர்களுக்கு எளிதாகிறது. கல்லூரி ஆசிரியர் பணிக்குரிய தகுதித் தேர்வான யுஜிசி-நெட், 2024 ஜூன் 18 அன்று 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதி முடித்த மறுநாளே ரத்தாக வழிவகுத்த ஸ்கிரீன்ஷாட், திருத்தப்பட்ட போலியே என்பது பின்னர் சிபிஐ விசாரணையில் தெரியவந்தது. அத்தனை பேரின் உழைப்பைக் குலைத்த கொடுமை அது. கசிவு உண்மையாகவே நிகழ்ந்தாலும், அதை ஆராய்வது புலனாய்வாளரின் கடமையே அன்றி மாணவியின் கடமை அன்று.

உறக்கமே இப்போது முதன்மையானது. பகலில் கற்றவற்றை மூளை நிலையான நினைவாகப் பதிப்பது பெரும்பாலும் உறக்கத்தின்போதுதான் என்பதால், இரவில் கைபேசியைத் தாங்களே வாங்கி வைத்துக்கொள்வது படிப்புக்கும் உதவும். பதற்றம் தணியாவிடில், அரசின் இலவச மனநல ஆலோசனைச் சேவையான டெலி-மானஸை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.