வங்கிக் கணக்கிலிருந்து சாகுபடிக் கணக்கு

லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்கள் உள்ளன. இங்கே முதல் போகத்துக்கு நாற்று விடும் விவசாயிகளில் பலர், உரக்கடைக்கும் டிராக்டர்காரருக்கும் இப்போது செல்போன் மூலமே பணம் அனுப்பிவிடுகிறார்கள். நோட்டில் செலவு எழுதும் பழக்கம் குறைந்து வருகிறது. ஆனால் எழுதாமல் விட்ட அந்தக் கணக்கு, தேதி வாரியாக வங்கியில் இருக்கிறது. அதைக் கம்ப்யூட்டரில் இறக்கிச் சாகுபடிக் கணக்காக மாற்றிக்கொள்ளலாம்.

இதற்கு 'குனுகேஷ்' என்ற கணக்கு மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. கல்லூரியில் படிக்கும் மகனோ மகளோ இருந்தால் ஒரு மாலைப் பொழுதில் அமைத்துக் கொடுத்துவிடுவார்கள். வங்கியின் இணையப் பக்கத்தில், நாற்று விட்ட நாள் முதல் நெல் விற்ற நாள் வரை தேதி கொடுத்து, கணக்கு விவரத்தை 'சி.எஸ்.வி.' கோப்பாக எடுக்க வேண்டும். பிறகு மென்பொருளில் 'இறக்குமதி' பகுதியில் அக்கோப்பைக் கொடுத்து, எது தேதி, எது விவரம், எது பற்று, எது வரவு என்று காட்ட வேண்டும். தேதியில் நாள் முதலில் வருகிறது என்பதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். தவறினால் ஜூன் 5 மே 6 ஆகிவிடும்.

ஒரு உரக்கடையின் பெயரை 'உரம்' என்று ஒரு முறை குறித்தால், அடுத்த முறை மென்பொருளே அத்தலைப்பை எடுத்துக் கொடுக்கும். இதுவரை வேலை சுலபம்.

ஆனால் பணம் வந்ததும் போனதும்தான் வங்கிக்குத் தெரியும். எதற்காக என்பது தெரியாது. சங்கடமெல்லாம் இங்கேதான். ஒரு ஏக்கர் நெல் போட்டவர் கணக்கை உதாரணமாகப் பார்ப்போம்.

வரவில் பயிர்க்கடன் ரூ.30,000, பிரதமர் கிசான் தவணை ரூ.2,000, நெல் விற்றது ரூ.60,000, மனைவி கணக்கிலிருந்து மாற்றியது ரூ.10,000, ஆக ரூ.1,02,000. பற்றில் உரம் ரூ.9,000, உழவு ரூ.6,000, ஏ.டி.எம்.மில் எடுத்தது ரூ.25,000, பள்ளிக் கட்டணம் ரூ.12,000, ஆக ரூ.52,000. மிச்சம் ரூ.50,000! இதை நம்பி வண்டிக்கு முன்பணம் கொடுத்தவர், கடன் தவணை வரும்போது நகையைத் தூக்கிக்கொண்டு அடகுக் கடைக்குப் போக நேரிடும்.

கடன் வருமானம் அல்ல. அதைப் 'பொறுப்பு' என்ற தலைப்பில் வைக்க வேண்டும். மனைவி கொடுத்ததும் அப்படியே. ஏ.டி.எம். பணம் செலவும் அல்ல. 'கைரொக்கம்' என்று தனித் தலைப்புக்கு மாற்றி, அங்கிருந்து நடவு, களை, அறுவடைக் கூலி ரூ.19,000, வீட்டுக்கு ரூ.6,000 என்று பிரிக்க வேண்டும். வைக்கோலைக் கையில் வாங்கி விற்ற ரூ.4,000 வங்கிக்கே தெரியாது. அதை நாமே எழுத வேண்டும். கடன் வட்டி ரூ.1,000 என்று வைத்துக்கொண்டால், சாகுபடிச் செலவு ரூ.35,000, வரவு ரூ.64,000, லாபம் ரூ.29,000. கடனை வட்டியுடன் கட்டி, மனைவி பணத்தையும் திருப்பிய பிறகு வங்கியில் நிற்பது ரூ.9,000 மட்டுமே. லாபம் எங்கே போயிற்று? பள்ளிக்கும் வீட்டுக்கும் ரூ.18,000 போயிருக்கிறது. வைக்கோல் பணம் ரூ.4,000 வங்கிக்கு வரவேயில்லை. கிசான் பணம் ரூ.2,000 அதில் கொஞ்சம் ஈடு கட்டியிருக்கிறது.

கூலியைக் கொடுத்த அன்றே செல்போனில் ஒரு வரி குறித்து வைத்தால்தான் ரொக்கத்தைப் பிரிக்க முடியும். அறுவடை முடிந்து உட்கார்ந்து யோசித்தால் பாதி நினைவுக்கு வராது. இதில் அனுபவம் இல்லாதவர் யார்?

ஒரே மாதத்தை இரண்டு முறை இறக்கிவிட்டால் செலவு இரட்டிப்பாகத் தெரியும். ஏற்கெனவே உள்ள பதிவுகளுடன் ஒப்பிட்டு மென்பொருள் சுட்டிக்காட்டும் என்றாலும், முடிவில் உள்ள இருப்புத் தொகை பாஸ் புத்தகத்துடன் ஒரு ரூபாய் பிசகாமல் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

கோப்பை நீங்களே எடுங்கள். கணக்குப் போட்டுத் தருவதாகச் சொல்லி ரகசிய எண்ணையோ ஓ.டி.பி.யையோ யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுக்கலாம்.