கல்லறைத் தோட்டத்திலிருந்து தொடங்கு

பழவேற்காடு

அன்பு மகளுக்கு, பெரியப்பா ஆசீர்வதித்து எழுதுவது.

நீ ஆம்ஸ்டர்டாம் நகரத்தைக் காணப் புறப்படுகிறாய் என்று தம்பி சொல்லக் கேட்டு மிகவும் சந்தோஷமடைந்தேன். பிரயாணம் கிளம்புமுன் ஒருநாள் காலையில், நம் ஊர் டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்று, வாயிலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளைக் கடந்து, ஒவ்வொரு கல்லின் முன்பும் சற்று நின்றுவிட்டு வா.

1602இல் தோன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையை எழுப்பி, 1690 வரையில் சோழமண்டலக் கரை வர்த்தகத்துக்கு நம் ஊரையே தலைமை ஸ்தானமாக வைத்திருந்தது. இக்கரை நெசவாளர் நெய்த துணியைக் கீழைத் தீவுகளில் கொடுத்து, அவர்கள் மிளகும் கிராம்பும் வாங்கி ஐரோப்பாவில் விற்றுச் செல்வம் சேர்த்தார்கள். ஆகையால், ஆம்ஸ்டர்டாமின் கால்வாய்க்கரை மாளிகைகளின் முன் நீ அந்நியளாக நிற்க வேண்டியதில்லை.

அங்குள்ள ரைக்ஸ்மியூசியத்தில், ரெம்பிராண்ட் 1642இல் தீட்டிய ‘இரவுக் காவல்’ சித்திரத்தை அவசரமின்றிப் பார். கலை எந்தக் கையில் பிறந்தாலும் வணங்கத்தக்கது. பிறகு கடற்பயண மியூசியத்தை அடுத்து மிதக்கும் பழைய கம்பெனிக் கப்பலின் மாதிரியில் ஏறி, அதன் கீழ்த்தளத்தில் சிறிது நேரம் மௌனமாக நில். பஞ்சத்திலும் போரிலும் அகப்பட்ட நம் ஜனங்களை, 1620களில் இந்தத் துறையிலிருந்தே கம்பெனிக் கப்பல்கள் கீழைத் தீவுகளிலிருந்த பட்டேவியாவுக்கு அடிமைகளாக ஏற்றிச் சென்றன. இங்கே மாண்ட டச்சுக்காரர் பெயர் கல்லில் நிலைத்திருக்கிறது; கொண்டுபோகப்பட்ட நம்மவரோ பெரும்பாலும் கணக்கேட்டில் வெறும் தொகையாகவே நின்றுவிட்டார்கள். ஆயினும் துவேஷத்தைச் சுமந்து போகாதே. 2023 ஜூலை 1 அன்று, டச்சு மன்னர் வில்லம் அலெக்சாண்டர் அதே ஆம்ஸ்டர்டாமில் நின்று, அடிமை வியாபாரத்துக்காக மன்னிப்புக் கோரினார்.

தெருக்கடைகளில், உப்பிட்ட ஹெர்ரிங் மீனைச் சமைக்காமலே வெங்காயத்தோடு தருவார்கள். மடவையும் இறாலும் குழம்பில் உண்டு வளர்ந்த உனக்கு அது ருசிக்காமற் போகலாம். ஆனாலும் மீனை உப்பால் காக்கும் வித்தை, கருவாடு போடும் நமக்கும் அவர்களுக்கும் பொதுவானது என்றெண்ணி உண்டு பார். சோற்றைச் சுற்றிப் பல கறிகள் பரப்பும் ‘ரைஸ்ட்டாஃபல்’ விருந்து, பட்டேவியா இருந்த இந்தோனேசியாவிலிருந்து அவர்கள் கொண்டுபோனது. அதை உண்ணும்போது, அத்தீவுகளுக்குக் கப்பலேற்றப்பட்ட நம்மவரை ஒருகணம் நினைத்துக்கொள்.

ஏதேனும் ஒரு பழைய வரைபடத்தில் பழவேற்காட்டின் பெயரைக் கண்டால், பக்கத்தில் நிற்பவர் யாராயினும், இது என் ஊர் என்று அவரிடம் வாய்விட்டுச் சொல், மகளே.

இப்படிக்கு,
உன் பெரியப்பா